அரைக்கைச் சட்டை வெயிலுக்கு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்திரி தொடங்கிய அன்று உங்கள் நாளிதழில் கோடைக் குறிப்புகள் என்று ஒரு பத்தி வந்தது. மோர் குடிக்கச் சொல்லியிருந்தீர்கள், நுங்கு சாப்பிடச் சொல்லியிருந்தீர்கள், பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே தலை காட்ட வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். எல்லாம் நல்ல யோசனைதான். நடுவில் ஒரு வரி, "மெல்லிய துணியில் அரைக்கைச் சட்டை அணியுங்கள்" என்று இருந்தது. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

வீட்டுக்குள் இருப்பவருக்கும் கடையில் மின்விசிறிக்குக் கீழே நிற்பவருக்கும் அது சரி. பன்னிரண்டு முதல் மூன்று வரை வெளியே நின்றே தீர வேண்டியவர்களுக்கு அது தப்பு. அவர்களுக்கு வேண்டியது முழுக்கைச் சட்டை. உடம்பில் ஒட்டாமல் தொளதொளவென்று இருக்க வேண்டும், நெசவு நெருக்கமான பருத்தியாக இருக்க வேண்டும். இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கடலூர் முதுநகரில் உப்பனாற்றுப் பக்கம் ஒரு சந்தில் என் வீட்டுத் திண்ணைதான் என் தையல் கடை. 1998-ல் ஒரு மெஷினோடு ஆரம்பித்தேன். இப்போது இரண்டு. ஒன்றுக்கு மோட்டார் உண்டு, மற்றது கால்மிதி. காலர் வைக்க எனக்கு இன்றைக்கும் கால்மிதிதான் சரிப்படும். என்னிடம் சட்டைக்கு வருகிறவர்கள் மீன் ஏலம் எடுப்பவர், ஐஸ் உடைப்பவர், கொத்தனார், கம்பி கட்டுகிறவர், லைன்மேன், கரும்பு வெட்டுகிறவர், முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்குகிற பெண்கள். கல்யாணச் சட்டை தைக்கிறவர்கள் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் போய்விடுவார்கள். 27 வருஷத்துக்கு மேலாக வெயிலில் வேலை செய்கிறவர்களின் சட்டையைத் தைத்தும், கிழிந்து வந்தால் ஒட்டுப் போட்டும் வருகிறேன். எந்தச் சட்டை எந்த இடத்தில் நைந்து போகும், எந்த இடத்தில் உப்புப் பூக்கும் என்பது கையில் எடுத்தாலே எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மே மாசம் ஊருக்குத் தெற்கே ஒரு கட்டட வேலைக்குப் போனார். வேலை எடுத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட் கொடுத்தார்கள். வட்டக் கழுத்து, அரைக்கை, முதுகு முழுக்கப் பெரிய எழுத்தில் பெயர் அச்சு. அதைப் போட்டுக்கொண்டு வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று உத்தரவு. எட்டாம் நாள் மதியம் இரண்டு மணி இருக்கும், மொட்டைத் தளத்தில் கலவை போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாராம். கூட வேலை செய்த பையன் ஒருத்தன் அவரை இழுத்து மாடிப்படிக்குக் கீழே நிழலில் கிடத்தி, டி-ஷர்ட்டைக் கத்தியால் கிழித்து எடுத்துவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, சிமெண்டு மூட்டையின் காகிதத்தால் விசிறியிருக்கிறான். அவன் அப்படிச் செய்யாமல் விட்டிருந்தால் நிலைமை வேறாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். பத்து நாள் வேலை இல்லை. முன்கை இரண்டும் முழங்கைக்கு மேலே வரை கறுத்து, அப்புறம் தோல் சுருள் சுருளாக உரிந்தது.

சட்டை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்தத் தளத்தில் ஒரு கீற்று நிழல் இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் மூன்று மாடி இறங்க வேண்டும். ஆனாலும் அன்று ராத்திரி, அவர் தூங்கின பிறகு, கிழிந்த அந்த டி-ஷர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, சாமி விளக்கில் காட்டினேன். தையல்காரர் எல்லாருக்கும் தெரிந்த சோதனைதான் இது. பருத்தி நூல் சட்டென்று பற்றி எரியும், காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பலைத் தொட்டால் மாவாக உதிரும். இந்த நூல் சுடருக்குப் பக்கத்தில் போனதுமே சுருண்டு பின்வாங்கியது. அப்புறம் உருகி ஒரு கறுப்புச் சொட்டாகத் திரண்டது. ஆறவிட்டு நசுக்கிப் பார்த்தேன், குண்டூசித் தலை மாதிரிக் கெட்டி. முழுக்க முழுக்க பாலியஸ்டர். அந்தச் சொட்டை எறிய மனசு வரவில்லை, ஊசிப் பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். துணி எடுத்து வருகிறவர்களுக்கு அதைக் காட்டித்தான் இன்றைக்கும் விளக்கம் சொல்கிறேன்.

என் மகள் ஆடை வடிவமைப்புப் படிக்கிறாள். அவள் பாடப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினாள். பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் நூற்றுக்கு 7, 8 பங்கு ஈரத்தை உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரைப் பங்கைக்கூட இழுக்காது. விளையாட்டுக்காரர்கள் போடுகிற பொடித்துளைத் துணியும் பாலியஸ்டர்தான், அதை நான் குறை சொல்லவில்லை. அது வேர்வையை வெளிப்பக்கமாகப் பரப்பிவிடும், காற்றுப் பட்டதும் காய்ந்துவிடும். என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது அந்த ரகம் இல்லை. கெட்டித் துணி, அதன் மேல் ரப்பர் மாதிரி அச்சு. அச்சு விழுந்த இடத்தில் துளை எல்லாம் அடைபட்டுப் போகும். வேர்வை அதிகம் ஊறுகிற முதுகிலேயே காற்றுப் புகாமல் ஒரு பலகையைக் கட்டியது போல் ஆகிவிட்டது.

முழுக்கை எதற்கு, அது இன்னும் புழுங்காதா என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. வேலை செய்கிறவருக்கு உடம்புக்குள் எழும் சூடு ஒன்று, மேலே விழும் வெயிலின் சூடு ஒன்று. கை திறந்து கிடந்தால் இரண்டாவது சூட்டையும் தோல்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். துணி மேலே நின்றால் பாதி வேலையை அது பார்த்துக்கொள்ளும். துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓட இடம் விட்டால் வேர்வை ஆறும். நம் ஊரில் காற்றே ஈரக் காற்று, மதியம் கடல்காற்று எழும்புகிற வரை இலை அசையாது. வேர்வை லேசில் ஆறாத ஊர் இது. அதனால்தான் தொளதொளப்பை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். இறுக்கமான முழுக்கை போட்டுப் பார்த்துவிட்டு "புழுங்குதுக்கா" என்று வருகிறவர்கள் உண்டு. புழுங்கத்தான் செய்யும்.

என் பெரியப்பா புதுச்சேரியில் ரோடியர் மில் என்று ஊர் சொல்கிற ஆங்கிலோ-பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸில் தறி ஓட்டியவர். 1898-ல் தொடங்கிய மில், 2020-ல் அடைத்துவிட்டார்கள். துணி பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அவர்தான். "துணி எடுக்கப் போனா மொதல்ல தூக்கி வெளிச்சத்துல புடி. சல்லடை மாதிரி தெரிஞ்சா கீழ வெச்சுட்டு வந்துடு" என்பார். அவர் சொன்ன இன்னொரு சங்கதி எனக்கு மறக்கவில்லை. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து ஆப்பிரிக்காவின் செனகல் பக்கத்துக்குக் கப்பல் கப்பலாக நீலத் துணி போனதாம். கினே என்று பெயர். அவுரியில் தோய்த்த, நெருக்கமாக நெய்த பருத்தி. அதை வாங்கியவர்கள் பாலைவனத்து மக்கள். நம் ஊரைவிடக் கொடிய வெயிலில் நடமாடுகிறவர்கள், உச்சந்தலை முதல் கணுக்கால் வரை அந்தத் துணியைத் தொளதொளவென்று சுற்றிக்கொண்டார்கள். வெயில் தெரிந்தவர்கள் உடம்பை மூடத்தான் செய்கிறார்கள்.

பெரியப்பாவின் அந்த வெளிச்சச் சோதனைக்கு இப்போது ஒரு எண்ணே இருக்கிறது. வெளிநாட்டுச் சட்டைகளில் யூபிஎஃப் 50 என்று போட்டிருப்பார்கள். தோலைச் சுடுகிற புற ஊதாக் கதிரில் 50-ல் ஒரு பங்குதான் துணியைத் தாண்டி உள்ளே வரும் என்று அர்த்தம். மெல்லிய வெள்ளை பனியன் துணிக்கு அந்த எண் 10-ஐக்கூடத் தொடாது. வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டினால் இன்னும் இறங்கிவிடும். நீங்கள் எழுதிய "மெல்லிய துணி" என்ன செய்யும் என்பதை யோசித்துப் பாருங்கள் ஐயா.

அப்படிப்பட்ட ஒரு வெளிநாட்டுச் சட்டை என் கைக்கு வந்ததும் ஒரு தற்செயல்தான். புதுச்சேரியில் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர், பறவை பார்க்கிறவர், ஊசுட்டேரிக்கும் பிச்சாவரத்துக்கும் அலைகிறவர். முழங்கை கிழிந்த தன் பழைய சட்டையைக் கொண்டுவந்து, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்று சைகையிலேயே கேட்டார். மூன்று நாள் அதை வைத்துக்கொண்டேன். முதல் நாள் வெறுமனே பார்த்தேன். இரண்டாம் நாள் ஒரு பக்கத் தையலை மட்டும் பிரித்தேன். தோள்பட்டைக்குக் கீழே முதுகுத் துணி இரண்டாகப் பிரிந்து, மேல் துணி ஒரு மூடி மாதிரி தொங்கியது. அதற்கு உள்ளே வலை. குனிந்தால் அந்த வாய் திறந்து காற்று உள்ளே போகும், நிமிர்ந்தால் மூடிக்கொள்ளும். காலருக்குப் பின்பக்கம் இரட்டைத் துணி வைத்திருந்தது, தூக்கிவிட்டால் பிடரியை மறைத்து நிற்கும். கையை மடித்துவிட்டால் நழுவாமல் இருக்க உள்ளே ஒரு பட்டி, வெளியே ஒரு பித்தான். பக்கத் தையல் எல்லாம் துணியின் இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து, இரண்டு வரி ஓட்டியிருந்தது. பிசிறே கிடையாது. வேர்வையோடு உராய்ந்து உராய்ந்து அக்குளில் புண் வருகிறதே நம் ஆட்களுக்கு, அதற்குப் பாதிக் காரணம் உள்ளே நிற்கிற பிசிறுதான். அன்று முதல் வேலைச் சட்டை எதையும் ஓரத்தில் நூல் சுற்றுகிற ஓவர்லாக் மட்டும் அடித்து நான் கொடுப்பதில்லை. நேரம் இரண்டு மடங்கு ஆகிறது, ஆகட்டும்.

அதைப் பார்த்து என் கணக்குக்கு ஒரு சட்டை வெட்டினேன். அவருடையது நைலான் கலந்த துணி, நான் நெருக்கமாக நெய்த பருத்தி பாப்ளினுக்கு மாற்றினேன். மார்பு 38 என்றால் 44 வைத்து வெட்டுகிறேன். அக்குளில் நாலு விரல் அகலத்துக்குச் சதுரமாக ஒரு துண்டு சேர்க்கிறேன். கையை மேலே தூக்கினால் சட்டை இடுப்பிலிருந்து இழுத்துக்கொண்டு வராது. முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் இரண்டு இஞ்ச் நீளம், குனிந்து வேலை செய்கிறவருக்கு இடுப்பு தெரியக் கூடாது என்பதற்காக. பக்கத்தில் கீறல் விடுகிறேன். இரண்டு பாக்கெட், இரண்டுக்கும் மூடி, இடது மூடிக்குப் பித்தான். கிணற்றிலும் கலவையிலும் போன் விழுந்த கதையை வாரத்துக்கு ஒன்று கேட்கிறேனே. அந்த வலை வாய் மட்டும் எல்லாருக்கும் வைப்பதில்லை, மரம் வெட்டுகிறவர், கரும்பில் இறங்குகிறவர் என்றால் தோகை மாட்டிக் கிழித்துவிடும். அவர்களுக்கு முதுகில் அகலமாக ஒரு மடிப்பு விட்டால் போதும்.

என் வீட்டுக்காரர் முதலில் முகம் சுளித்தார். "என்னாடி இது, அப்பாரு சட்டைய எடுத்து மாட்டிக்கினு வந்த மாதிரி இருக்கு" என்றார். ஒரு வாரம் போட்டார். அடுத்த வாரம் அதே அளவில் இன்னும் ஒன்று கேட்டார்.

துணி எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. கடையில் "காட்டன்" என்று சொன்னதை அப்படியே நம்பாதீர்கள். ஓரத்தில் ஒரு நூல் கேளுங்கள், கொடுப்பார்கள். வீட்டில் வந்து கொளுத்திப் பாருங்கள். கலப்புத் துணி என்றால் எரியவும் செய்யும், நுனியில் கெட்டியும் நிற்கும். 58 இஞ்ச் பன்னாவில், அதாவது அந்த அகலமுள்ள துணியில், இந்தச் சட்டைக்கு 1.80 மீட்டர் வேண்டும். வெட்டுவதற்கு முன்னால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்க வேண்டும். பருத்தி முதல் தண்ணீரில் சுருங்கும், மீட்டருக்கு மூன்று நாலு சென்டிமீட்டர்கூட இழுத்துக்கொள்ளும். ஊறப்போடாமல் தைத்துவிட்டு, ஒரு துவையலில் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது என்று தையல்காரரைத் திட்டுகிறவர்கள் நிறையப் பேர். நிறத்துக்கு இளநீலம், சாம்பல், காக்கி. வெள்ளை இரண்டே நாளில் அழுக்குப் பிடித்து மனசை விட்டுப் போய்விடும், கறுப்பு சூட்டை இழுக்கும். குறிஞ்சிப்பாடித் தறியில் நல்ல கைலித் துணி நெய்கிறார்கள், நெருக்கமான ரகமாகப் பார்த்து எடுத்தால் சட்டைக்கும் அருமையாக இருக்கிறது. நானே எனக்கு ஒன்று தைத்து வைத்திருக்கிறேன்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம். உங்கள் குறிப்பில் பெண்களைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நூறு நாள் வேலைக்குப் போகிற இடத்தைப் பாருங்கள், களை எடுக்கிற வயலைப் பாருங்கள், ரோடு போடுகிற இடத்தைப் பாருங்கள். புடவைக்கு மேலே ஆம்பிளைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். முழுக்கைச் சட்டையின் அருமை அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். பாழாய்ப்போன சங்கதி என்னவென்றால், அந்தச் சட்டை அவர்களுக்காகத் தைத்தது கிடையாது. புருஷன் போட்டுக் கழித்தது, இல்லையென்றால் மகன் காலேஜுக்குப் போட்டுப் பழசானது. பெரும்பாலும் பேண்ட் சட்டை கடையில் வாங்கிய கலப்புத் துணி, நைந்து பனியன் மாதிரி ஆகிவிட்டிருக்கும். தோள் தையல் தோளில் நிற்காது, புஜத்தில் இறங்கித் தொங்கும். கை விரலை மூடும். அதை நாலு மடிப்பு மடித்துவிட்டால் மடிப்புக்குள் மண்ணும் சிமெண்டும் போய் அடையும். ஈர சிமெண்டு தோலை அரிக்கும் என்பது சித்தாள் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். முன்கையில் வளையல் போட்ட மாதிரி சுற்றிப் புண் வந்திருக்கும். எத்தனையோ பேர் கையில் பார்த்திருக்கிறேன்.

போன வருஷம் தை மாசம் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார்கள். வயது ஐம்பத்தைந்து இருக்கும், முந்திரித் தோப்பு வேலைக்கும் கொட்டை உடைக்கவும் போகிறவர்கள். கையில் புருஷன் சட்டை ஒன்று. அவர் தவறி நாலு வருஷம் ஆகிறதாம். "இத எனக்குத் தோதா சின்னதாக்கிக் குடும்மா" என்றார்கள். பிரித்துப் பார்த்தேன். துணி நூல் நூலாக விட்டிருந்தது, முந்திரிக் கொட்டைப் பால் பட்டுப் பட்டுக் கையெல்லாம் கரும்பழுப்புத் திட்டு. அந்தப் பால் தோலில் பட்டால் கொப்பளித்துவிடும், தெரியுமல்லவா. இதைச் சின்னதாக்கி ஒரு மாசம்கூட வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அந்தச் சட்டையின் பாக்கெட்டை மட்டும் பத்திரமாகப் பிரித்து எடுத்தேன். புதுச் சாம்பல் நிற பாப்ளினில் அவர்கள் அளவுக்கு ஒன்று வெட்டி, அந்தப் பழைய பாக்கெட்டை உள்பக்கம் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, இடது கையை உள்ளே விட்டு அந்தப் பாக்கெட்டைத் தொட்டுக்கொண்டே ரொம்ப நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்த மாதிரியில்தான் இப்போது நான் எல்லாப் பெண்களுக்கும் வெட்டுகிறேன். தோள் அவர்கள் தோளுக்கு நிற்கும். மார்புக்குச் சுற்று ஏழு இஞ்ச் கூட, ஏனென்றால் உள்ளே ரவிக்கையும் முந்தானை மடிப்பும் இருக்கிறது. நீளம் இடுப்புக்குக் கீழே ஒரு சாண், அதற்கு மேல் போனால் உட்கார்ந்து களை எடுக்கும்போது மிதிபடும். இரண்டு பக்கமும் இடுப்பு வரை கீறல், சுருக்குப்பையை எடுக்க வேண்டுமே. மணிக்கட்டில் பித்தான் இரண்டு இடத்தில், வேலைக்குத் தகுந்தபடி இறுக்கவும் விடவும். பித்தான் எல்லாம் நாலு துளைப் பித்தான், கொஞ்சம் பெரிசு, காய்த்துப்போன விரலால் போட வேண்டியிருப்பதால். துணியும் கூலியும் சேர்ந்து 650 ரூபாய் ஆகிறது. ஒரே தடவையில் கொடுக்க முடியாதவர்கள் நாலு தடவையாகக் கொடுக்கிறார்கள்.

எல்லாருக்கும் பருத்திதான் என்று நான் அடம்பிடிக்கவில்லை. படகில் போகிற தம்பிகள் பந்து விளையாடுகிற ஜெர்சி மாதிரி மெல்லிய பாலியஸ்டர் போடுகிறார்கள், அது அவர்களுக்குச் சரி. அலை தெறித்துத் தெறித்துப் பருத்தி காயவே காயாது, ராத்திரிக் காற்றில் குளிரும். அவர்களுக்கு அதே ஜெர்சியை முழுக்கையில் வாங்கச் சொல்கிறேன். ஆனால் லைன்மேன், வெல்டிங் வைக்கிறவர், அடுப்படியில் நிற்கிறவர் யாரும் உருகுகிற துணியைப் போடவே கூடாது. பொறி பட்டால் பருத்தி ஓட்டையாகும், பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். 2011 டிசம்பர் 30 தானே புயல் அடித்து நம் மாவட்டத்துக் கம்பமெல்லாம் சாய்ந்தபோது வெளி மாவட்டங்களிலிருந்து வந்து வேலை பார்த்த லைன்மேன்களின் சட்டைகளுக்கு நான் ஒட்டுப் போட்டேன். காசு வாங்கவில்லை. பாலியஸ்டர் உருகி ஒட்டிக்கொள்ளும் என்பதை அப்போது அவர்களில் ஒருவர்தான் என்னிடம் சொன்னார்.

துவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல சட்டையைத் துவைத்தே கெடுக்கிறவர்கள் அதிகம். வேர்வையில் உப்பு இருக்கிறது. அன்றைக்குப் போட்டதை அன்றைக்கே வெறும் தண்ணீரில் அலசிக் காயப்போட்டுவிட வேண்டும், சோப்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். உப்பு நூலுக்குள் காய்ந்துவிட்டால் மறுநாள் அதுவே உப்புக் காகிதம் மாதிரி நூலை அறுக்கும், தோலையும் அறுக்கும். ஆகவே குறைந்தது இரண்டு சட்டை வேண்டும். எங்கள் பக்கம் கடலோரத்துப் போர்த் தண்ணீர் உப்பும் கடினமும் சேர்ந்தது. கட்டி சோப்புப் போட்டால் நுரை வராமல் வெள்ளையாகத் திரிந்து துணியில் படிந்துவிடும், சட்டை நாளாக நாளாக அட்டை மாதிரி ஆகும். அந்தத் தண்ணீருக்குச் சோப்புத் தூள் பரவாயில்லை. கடைசி அலசல் ஒன்றுக்காவது நல்ல தண்ணீர் ஒரு குடம் ஒதுக்குங்கள். முடியாதென்றால் மழைத் தண்ணீர்.

கஞ்சி போடவே போடாதீர்கள். கஞ்சி போட்ட சட்டை பார்க்க விறைப்பாக இருக்கும், ஆனால் துணியின் துளையெல்லாம் அடைந்துவிடும், காற்று நுழையாது. ஐப்பசி கார்த்திகையில் அதில் பூஞ்சணம் வேறு கரும்புள்ளி வைக்கும். வாசனைக்காகக் கடைசியில் ஊற்றுகிறார்களே ஒரு திரவம், அதுவும் வேண்டாம். அது நூலின் மேல் வழவழவென்று ஒரு பூச்சு விட்டுவிடும், வேர்வை உறிஞ்சாது. காலரைப் பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள். சோப்பைத் தடவிக் கால் மணி நேரம் விட்டு, துணியையே துணியோடு உரசினால் போதும். பித்தானைப் போட்டுவிட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, நிழலில் காயவையுங்கள். வெயிலில் காய்ந்தால் சாயம்தான் போகும்.

கறையைப் பற்றி எங்கள் பக்கத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். சிமெண்டு என்றால் நனைக்கும் முன்னே உதறித் தட்டிவிட வேண்டும், ஈரம் பட்டால் இறுகிவிடும். பலாப் பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துவிட்டுச் சோப்பு. முந்திரிப் பழச் சாற்றைக் காயும் முன்னே அலசினால் உண்டு, காய்ந்துவிட்டால் சட்டை கிழிகிற வரை அது போகாது. ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர், வெந்நீர் ஊற்றினால் கறை அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்தது. உங்கள் நாளிதழிலும் படித்தேன். அறிவித்த பிறகும் வெயிலில் நிற்கிற ஆட்களுக்கு ஆயிரக்கணக்கில் சட்டை தைக்க ஆர்டர் கொடுக்கிறவர்கள் பெயர் அச்சு எடுப்பாகத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். ஒரு துண்டுத் துணியைக் கொளுத்திப் பார்க்க ஒரு தீக்குச்சி போதும். கை முழுசாக இருக்கிறதா, மார்புக்குச் சுற்று இருக்கிறதா, பெண்களுக்குத் தனி அளவு இருக்கிறதா என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். பெயரைப் போட வேண்டுமென்றால் பாக்கெட்டின் மேலே சின்னதாகப் போடட்டும்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கத்திரி முடிய இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அந்த வரியைத் திருத்தி ஒரு தடவை போடுங்கள். வெளியே வேலை செய்கிறவர்களுக்கு முழுக்கை என்று மட்டும் சேர்த்தால்கூடப் போதும். இந்த உறையில் பழுப்புக் காகிதத்தில் இரண்டு வெட்டுத்தாள் மடித்து வைத்திருக்கிறேன். பெரியது 38 மார்பு ஆண் சட்டை, சின்னது பண்ருட்டி அம்மாவுக்கு வெட்டிய அளவு. உங்கள் அலுவலகத்துக்கு யாராவது தையல்காரர் வந்து கேட்டால் கொடுத்துவிடுங்கள். அக்குள் துண்டைத் தனியாக வெட்டிக் குண்டூசியால் குத்தியிருக்கிறேன், பிரிக்கும்போது தவறவிட வேண்டாம்.

இப்படிக்கு,
முதுநகர் தையல்காரி,
கடலூர் – 3.